பென்சன் எடுக்கும் பேய்க்கு ஒரு தடையுத்தரவு

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
20 மார்ச் 2025

பிரதிவாதி பஸ்ரியன் அவர்களுக்கு,

குறட்டை விட்டது நான்தான். அதை மறுத்துச் சத்தியக் கடதாசி முடிக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை லண்டன் நீதிமன்றத்தின் சுவர்த் திரையில், நீதிபதியும் நீயும் பார்த்திருக்க, வாயைப் பிளந்தபடி நித்திரை கொண்டவன் வாதி நவரட்ணம், வயது ஐம்பத்தேழு, மூக்கடைப்புக்காரன்.

ஆனால் நான் வெறியில் இருந்ததாக நீ இருக்கும் ஹரோ முழுக்க ஒரு கதை உலாவுகிறதாம். நீதிமன்றக் கட்டளை வந்து சேருமுன் அந்தக் கதை ஸ்காபரோவுக்கு வந்துவிட்டது. லோறன்ஸ் வீதிக் கடையில் இடியப்ப மா எடுத்துக்கொண்டு நின்றவனை ஒருவர் கேட்டார்: "அண்ணை, கோட்ஸுக்கும் போத்தலோடயோ போனனீங்கள்?" மாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அதற்கு வேறு ஏச்சு.

நடந்தது இதுதான். வழக்கு விளக்கம் உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு. உங்களுக்கும் எங்களுக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம் என்பது, உன் வீட்டுக்கு இத்தனை வருடம் போன் எடுத்த எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஆகவே விடிய ஐந்து மணிக்குச் சேட்டும் ரையும் கட்டிக்கொண்டு பேஸ்மென்ற்றில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டேன். சற்றுப் பொறுக்கும்படி திரை சொன்னது. பொறுத்தேன். ஒருவரும் வரவில்லை. நாங்கள் மணிக்கூட்டை மார்ச் ஒன்பதிலேயே முன்னுக்குத் தள்ளிவிட்டோம், நீங்கள் மாதக் கடைசியில்தான் தள்ளுவீர்கள், இடையில் கிடக்கிற மூன்று கிழமையும் வித்தியாசம் நாலு மணித்தியாலம்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் ஒரு மணித்தியாலம் முந்தி வந்தவன், பஸ்ரியன். நேரத்துக்கு முந்தி வந்து வழக்கைக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் நாள் இரண்டு ஷிஃப்ற் செய்த உடம்பு, பக்கத்தில் ஹீற்றர். மிச்சத்தை நீ பார்த்தாய்.

பெயரைக் கூப்பிட்ட சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பி நின்று "பிரசென்ற், சேர்" என்றேன். நீதிபதி ஒரு பெண் என்பதும், எழும்பாமல் இருந்திருந்தால் இடுப்புக்குக் கீழே சாரம் என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின.

அந்த நாடகத்துக்குத் தடை கேட்ட என் விண்ணப்பம் தள்ளுபடி. உன் செலவையும் நான் கட்டவேண்டும். அப்புக்காத்து வைக்காமல் தனக்குத் தானே வாதாடுகிறவனுக்கும் மணிக்கணக்கில் செலவு கொடுக்கிற நாடு அது என்பதை நீ நன்றாகப் படித்து வைத்திருக்கிறாய். உன் செலவுப் பட்டியலில் "வாதியின் விண்ணப்பத்தை வாசித்தபின் மனம் தேறியது: மூன்று மணித்தியாலம்" என்று ஒரு வரி. அந்த அம்மா அதை வெட்டினா. அந்த ஒரு இடத்தில்தான் அன்றைக்கு நான் வென்றேன்.

ஏன் கோட்ஸுக்குப் போனான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தொண்ணூற்று நாலில் இதே வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்த குளிர்காலத்தில் நான் எழுதிய நாடகம் "பென்சன் எடுக்கும் பேய்". நீ பேயாக நடித்தாய், மறுக்கவில்லை. இப்போது ஜூன் இருபத்தொன்றில் அதை ஹரோவில் மேடையேற்றுகிறாய். நோட்டீசில் "எழுத்து, நெறியாள்கை: பஸ்ரியன்". பிக்கரிங்கில் இருக்கும் என் மகள் அட்சயா அதை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள். "அப்பா, இது நீங்க எழுதினதெண்டெல்லே சொல்லுவீங்கள்?"

அந்தக் கேள்வியின் வாலில் ஒரு சந்தேகம் தொங்கியது. களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டே வயது போனவன் நான். என் தலையால் செய்த ஒரே வேலை அந்த நாடகம். அதுவும் பொய் என்று அவளுக்குத் தோன்றிவிட்டால், நான் சொன்ன மற்றக் கதைகளின் நிலை என்ன? அவற்றில் பாதி பொய்தான், அது வேறு. எனக்குக் காசு வேண்டாம். என் பெயர் வேண்டும்.

வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஈமெயில் எழுதினால் அதற்கு இலக்கம் போட்டு நீதிபதிக்கு அனுப்புகிறாய். அதனால்தான் தபால். இதற்கும் இலக்கம் போடுவாய் என்றால் நல்ல இலக்கமாகப் பார்த்துப் போடு.

வாதி,
க. நவரட்ணம்


ஹரோ
2 ஏப்ரல் 2025

செலவு பற்றிய விடயம் தவிர, உரிமைகளைப் பாதிக்காமல் எழுதப்படுவது

வாதி திரு. நவரட்ணம் அவர்களுக்கு,

1. மேலே தலைப்பில் உள்ளதன் கருத்து: இந்தக் கடிதத்தை வழக்கு முடியும்வரை நீரோ நானோ நீதிபதிக்குக் காட்ட முடியாது. முடிந்தபின், யார் யாருக்குச் செலவு கட்டுவது என்று பார்க்கும்போது மட்டும் காட்டலாம். உமது கடிதத்தில் அப்படி எழுதப்படவில்லை. இருந்தும் நான் அதை அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம்.

2. நீர் வெறியில் இருந்தீர் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. "நித்திரையா வெறியா தெரியவில்லை" என்று வீட்டில் கிளடிஸுக்கு மட்டும் சொன்னேன். கிளடிஸ் தன் செபக் குழுவுக்கு மட்டும் சொன்னதாகச் சொல்கிறா. உமக்காகச் செபிப்பதற்காக.

3. கட்டளைப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு பவுண், பதினாலு நாளுக்குள். தவணை நேற்றோடு முடிந்தது. வட்டி ஓடும். நான் ஓட்டவில்லை, சட்டம் ஓட்டுகிறது.

4. நாடகம் யாருடையது? பென்சன் கந்தோரில் பேயிடம் "நீர் உயிரோட இருக்கிறீர் எண்டதுக்கு அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்க, பேய் "உயிரோட இருந்தால் தபாலில அனுப்பியிருப்பன். செத்ததாலதான் நேரில வந்தனான்" என்று சொல்கிற இடத்தை நினைத்துப் பாரும். அதைச் சொன்னவன் நான். சோறு வடித்துக்கொண்டு நின்று சொன்னேன். நீர் கட்டிலில் படுத்திருந்து எழுதினீர். எழுதினவர்தான் ஆசிரியர் என்றால், நீதிமன்றத்தில் இருக்கும் சுருக்கெழுத்துக்காரிதான் இந்த நாட்டின் மிகப் பெரிய நாடகாசிரியை.

5. நாடகத்தை நிறுத்துவதற்கு நீர் கேட்ட விண்ணப்பம் போய்விட்டாலும் வழக்கு இன்னும் கிடக்கிறது. ஆகவே என் பங்குக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பிரதி இத்துடன். வழக்குப் போட்டவர் வெளிநாட்டில் இருந்தால், அவர் தோற்றபின் செலவைக் கட்டாமல் போய்விடக்கூடும் என்பதற்காக, முன்கூட்டியே நீதிமன்றத்தில் பிணைப் பணம் கட்டச் சொல்லிக் கேட்கலாம். நாலாயிரம் பவுண் கேட்டிருக்கிறேன். கட்டாவிட்டால் உமது வழக்கு அப்படியே நிற்கும். தவணை மே இருபத்தேழு. என் சாட்சியக் கூற்றும் உள்ளே இருக்கிறது. அமைதியாக இருந்து வாசிக்கவும்.

திரையில் உம்மைப் பார்த்தபோது தலை முழுக்க வெளுத்துக் கிடந்தது. நான் உம்மைக் கறுத்த தலையோடுதான் நினைத்து வைத்திருந்தேன். இது வழக்குச் சம்பந்தப்பட்டதல்ல. ஆகவே இலக்கம் போடவில்லை.

பிரதிவாதி,
அ. பஸ்ரியன்


வெக்ஸ்போர்ட்
14 ஏப்ரல் 2025

டேய் பஸ்ரியன்,

"நீர்" என்று எனக்கு எழுதுகிறாயா? ஒரே போர்வைக்குள் இரண்டு குளிர்காலம் படுத்தவனுக்கு "நீர்"?

இன்றைக்கு வருடப் பிறப்பு. வீட்டில் பொங்கல் வாசம். நான் கீழே இருந்து உனக்கு எழுதுகிறேன். மேலே போனால் பாலேஸ்வரி இருக்கிறா. உன் அறுநூற்றுப் பன்னிரண்டை மூன்றாம் திகதி அனுப்பிவிட்டேன், அதனால் வந்த வினை. காருக்கு ரயர் மாற்ற வைத்திருந்த காசு. பாங்க் கணக்கைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வந்து நின்றா.

"ஆருக்கு உது?"

"லண்டனுக்கு."

"லண்டனில ஆர் உங்களுக்கு?"

"ஒருதரும் இல்லையப்பா."

"ஒருதரும் இல்லாத ஆளுக்கோ ஆயிரத்துச் சொச்சம் டொலர்?"

அவவின் கண்ணில் ஒரு பொம்பிளை உருவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பயத்தில் ஓடிப்போய் நீதிமன்றக் கட்டளையை எடுத்துவந்து காட்டினேன். முத்திரையைப் பார்த்தா, தொகையைப் பார்த்தா, உன் பெயரைப் பார்த்தா. சிரித்தா. பிறகு கதிரையில் இருந்துவிட்டா. "பொம்பிளையெண்டால்கூட ஒரு நாயம் இருந்திருக்கும்" என்றா. அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதெல்லாம் பிணையில் வந்தவனோடு கதைக்கிற மாதிரி.

அதை விடு. அமைதியாக இருந்து வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். உன் சாட்சியக் கூற்று, பதினாலாவது பந்தி: "வாதி ஏற்கெனவே மூன்று நாடுகளை விட்டுப் போனவர். ஓர் இடத்தில் நிலைத்திருப்பவர் அல்ல. கட்டளை பிறந்தால் அவர் அதற்குக் கட்டுப்பட்டு நிற்பார் என்று நம்ப முடியாது."

பஸ்ரியன், முதலாவது நாட்டை விட்டு ஓடியபோது நீயும் பக்கத்தில் ஓடினாய். உன் செருப்பு அறுந்துபோய் என் ஒரு செருப்பை நீ போட்டிருந்தாய். இரண்டாவது நாட்டை விட்டது ஒரே ஏஜென்சி, ஒரே விமானம். நீ ஜன்னல் பக்கம். மூன்றாவதாக நான் எந்த நாட்டை விட்டேன்? சொல். கனடாவை விட்டுப் போனது நீ. கிளடிஸைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனவன் நீ. நான் அன்றிலிருந்து இதே வெக்ஸ்போர்ட்டில், அதே 54 ஆம் இலக்க பஸ் ஓடுகிற தெருவில் கிடக்கிறேன். நிலைத்து நிற்பதில் எனக்குப் பக்கத்தில் வரக்கூடியது தெருமுனைத் தண்ணீர்க் குழாய் மட்டும்தான்.

என்னைக் கள்ளன் என்று எழுதியிருக்கலாம். குடிகாரன் என்று எழுதியிருக்கலாம், எப்படியும் சொல்லியாயிற்று. ஓடுகிறவன் என்று எழுதிவிட்டாய். அதுவும் அவர்களுக்கு, இங்கிலீசில்.

நாலைந்து நாளாக ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வேலையில் பெட்டி மாறி அடுக்குகிறேன். சுப்பர்வைசர் கேட்டார், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று. வீட்டில் இல்லை, நீதிமன்றத்தில் என்றேன். அதற்குப் பிறகு அந்தாள் என்னிடம் களஞ்சியக் கதவுத் திறப்புத் தருவதில்லை.

நாலாயிரம் பவுண் நான் கட்டமாட்டேன், கட்ட முடியாது. வழக்கு நின்றுபோகும். நாடகம் உன் பெயரில் நடக்கும். அட்சயா ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் மோசம். "பரவாயில்லை அப்பா" என்பாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

நவம்


ஹரோ
3 மே 2025

உரிமைகளைப் பாதிக்காமல்

நவரட்ணம்,

1. உமது கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. கிளடிஸ் உடைத்து வாசித்துவிட்டா. எதிர்த்தரப்புக் கடிதத்தை மூன்றாம் ஆள் வாசிப்பது முறையல்ல என்று சொன்னேன். அவ பதினாலாவது பந்தியைக் காட்டு என்றா. காட்டினேன்.

2. "உதை நீரே எழுதினது?" என்று கேட்டா. ஓம் என்றேன். "நவம் அண்ணை ஓடினவர் எண்டால் நீர் ஆர், நடந்து வந்தனீரோ?" என்றா. அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது. எனக்குக் கேட்கும்படியாக வேதாகமம் வாசிக்கப்படுகிறது, பொருத்தமான இடங்கள் மட்டும்.

3. அந்தப் பந்தியை நான் மனதால் எழுதவில்லை. பிணை கேட்கும்போது எதிராளி நிலையில்லாதவர் என்று காட்டவேண்டும் என்று இன்ரநெற்றில் ஒரு மாதிரிக் கூற்று இருந்தது. அதில் ஒரு படகு வியாபாரியைப் பற்றி எழுதியிருந்தார்கள். படகை எடுத்துவிட்டு உம்மைப் போட்டேன். மூன்றாவது நாடு எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. படகுக்காரனுடையதாக இருக்கலாம்.

4. அந்த விண்ணப்பத்தை மீளப் பெற்றுவிட்டேன். தானாக மீளப் பெறுகிறவர்தான் மற்றவரின் செலவைக் கட்டவேண்டும் என்பது விதி. பெற்ற பிறகுதான் அதை வாசித்தேன். உமது பட்டியலை அனுப்பும். நியாயமாகப் போடும்.

5. ஒரு யோசனை. இருவரும் சம்மதித்து ஒரு கட்டளை எழுதி நீதிபதியிடம் கொடுத்தால், வழக்கு அதோடு முடிந்துவிடும். நாடகம் குறித்த நாளில் நடக்கும். திரை திறக்குமுன் யார் எழுதியது என்று ஒரு அறிவித்தல் வாசிக்கப்படும். "எழுதியவர்: நவரட்ணம். சொன்னவர்: பஸ்ரியன்." இது நியாயம் என்று நினைக்கிறேன்.

6. செருப்பு விடயம். அது இடது காலுடையது. நான் அதைத் திருப்பித் தரவில்லை என்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீ அப்போதும் கேட்கவில்லை.

பஸ்ரியன்


வெக்ஸ்போர்ட்
15 மே 2025

பஸ்ரி,

ஆறாவது பந்தியில் உன் கை தவறி "நீ" என்று எழுதிவிட்டாய். திருத்தப் பத்திரம் ஒன்றும் போடாதே, அப்படியே கிடக்கட்டும்.

செலவுப் பட்டியல் கேட்டாய். எழுதத் தொடங்கினேன். "பதினாலாவது பந்தியை வாசித்தது: ஒரு நிமிடம். வாசித்தபின் வாடன் வீதியில் மேலும் கீழும் நடந்தது: பத்தொன்பது நாள்." அந்த அம்மா உன்னுடைய மூன்று மணித்தியாலத்தையே வெட்டினவ, இதை எப்படி விடுவா? ஆகவே ஒரு சதமும் வேண்டாம். ரயரை அட்சயா மாற்றித் தந்துவிட்டாள்.

அங்கேதான் பிரச்சினை. ரயர் மாற்றக் காரைக் கொண்டுபோனவள் தாயிடம் முழுக் கதையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஏச்சு வரும் என்று நின்றேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா, நீங்க உண்மையா கோட்ஸில சூ பண்ணினீங்களா? நாடகத்துக்காகவா?"

"ஓம்."

"அப்ப நீங்கதான் எழுதினது."

பார்த்தாயா அவளுடைய நியாயத்தை? பொய் சொல்கிறவன் இவ்வளவு செலவழிக்கமாட்டான் என்று நினைக்கிறாள். இவ்வளவு காலம் வாயால் சொல்லி நம்பாதவள், தோற்ற கட்டளையைப் பார்த்து நம்பத் தொடங்கியிருக்கிறாள். தொடங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அடுத்த நிமிடம் போனை எடுத்து லண்டனுக்கு இரண்டு ரிக்கெற் போட்டுவிட்டாள். எனக்கும் தனக்கும். "உங்கட பேரைச் சொல்லேக்க நான் அங்க இருக்கோணும்" என்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அந்த மண்டபத்தில் அவளை வைத்துக்கொண்டு "சொன்னவர் பஸ்ரியன்" என்று வாசித்தாயோ, முடிந்தது. "அப்ப அந்த அங்கிள் சொல்லச் சொல்ல நீங்க கொப்பி பண்ணினதா?" என்று கேட்பாள். நான் என்ன சொல்ல?

நீ சோறு வடித்துக்கொண்டு சொன்னாய் என்பது உண்மைதான். நீ அன்றைக்கு இருபது பகிடி சொன்னாய். பத்தொன்பது குப்பை. எது குப்பை இல்லை என்று கண்டுபிடித்தவன் நான். அதற்குப் பெயர்தான் எழுதுவது. இதை எப்படிச் சட்டத் தமிழில் எழுதுவாயோ எனக்குத் தெரியாது. ஆனால் "சொன்னவர்" வேண்டாம். மற்றதெல்லாம் உன் விருப்பம். நீதான் சட்டம் படித்தவன். நீயே எழுது, நான் கையெழுத்து வைக்கிறேன்.

வட்ஸ்அப்பில் என்னைத் திறந்துவிட்டால் இவ்வளவு முத்திரை ஒட்டத் தேவையில்லை.

நவம்


ஹரோ
31 மே 2025

நவம்,

சம்மதக் கட்டளையை நீதிபதி ஏற்று முத்திரை குத்தியாயிற்று. பிரதி உள்ளே. பெரிய வழக்குகளில் செய்வதுபோல, மேடையில் வாசிக்கும் அறிவித்தலை இணைப்பாக வைத்திருக்கிறேன். தமிழிலும் மொழிபெயர்ப்பிலும். எழுதப் பத்து நாள் பிடித்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டிருக்கிறேன். பிற்காலத்தில் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. இதில் நகைச்சுவைக்கு இடம் வைக்கவில்லை. வாசி:

"நீதிமன்றக் கட்டளைப்படி வாசிக்கப்படும் அறிவித்தல். 'பென்சன் எடுக்கும் பேய்' (இதற்குப் பின் 'பேய்' எனப்படும்) ரொறன்ரோவில் நிலைத்து வசிக்கும் திரு. க. நவரட்ணம் அவர்களால் (இதற்குப் பின் 'எழுதியவர்' எனப்படுவார்) எழுதப்பட்டது. எழுதியவரும் பேயும் வேறு வேறு ஆட்கள். எழுதியவர் எழுதும்போது பிரதிவாதி அதே அறையில் இருந்தார், சும்மா இருக்கவில்லை. பேய் சொல்லும் எல்லாவற்றுக்கும் எழுதியவரே பொறுப்பு. பேய் சொல்ல மறந்தவற்றுக்குப் பிரதிவாதி பொறுப்பு. சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும், சபையோர் உட்படச் சகலரும் தத்தம் செலவைத் தாமே ஏற்பர்."

"நிலைத்து வசிக்கும்" என்பதைக் கவனித்திருப்பாய். அதை நான் பதினாலாவது பந்திக்காகப் போட்டேன்.

இதை வாசிக்கக் கிளடிஸை நிற்கச் சொன்னேன். "நீர் செய்த வேலைக்கு நீரே வாசியும்" என்றா. பேசத் தொடங்கிவிட்டா என்பது நல்ல சகுனம். நேரமில்லாததால் பேய் வேஷத்தோடுதான் வந்து வாசிக்க வேண்டியிருக்கும். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, பார்த்துவிட்டேன்.

நீயும் அட்சயாவும் எங்கள் வீட்டில்தான் நிற்கவேண்டும். ஹோட்டல் என்றால் கிளடிஸ் மறுபடி வேதாகமத்தை எடுத்துவிடுவா. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டலாம்.

பஸ்ரி


வெக்ஸ்போர்ட்
29 ஜூன் 2025

பஸ்ரி மச்சான்,

வந்து சேர்ந்துவிட்டோம். கிளடிஸ் கட்டித் தந்த மிளகாய்த் தூளைச் சுங்கக்காரர் திறந்து பார்த்துவிட்டுத் தும்மிய தும்மலில் மற்றப் பெட்டிகளைப் பார்க்காமலே விட்டார்கள். பாலேஸ்வரி தூளை முகர்ந்து பார்த்துவிட்டு "உண்மையாத்தான் பஸ்ரியன் அண்ணை வீட்டையோ நிண்டனீங்கள்" என்றா. பொம்பிளைக் கதை இன்றுதான் அவவின் மனதை விட்டுப் போயிருக்கிறது.

நான்கு நாள் உன் வீட்டில் தின்றுவிட்டு ஒன்றையும் வாய் திறந்து சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல வராததால் எழுதுகிறேன்.

நாடகம் பழசாகிவிட்டது, மச்சான். நீ நன்றாகத்தான் நடித்தாய். பேய்க்கு இப்போது முட்டுவலி இருப்பது நடிப்பல்ல என்று எனக்குத் தெரிந்ததால் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் சனம் சிரிக்கவில்லை. ஃபக்ஸ் மெசினுக்குள் பேய் கையை விடுகிற இடத்தில் எனக்கு முன்னால் இருந்த பெடியன் பக்கத்துப் பிள்ளையிடம் "உது பிரிண்டரோ?" என்று கேட்டான். வெள்ளிக்காசு போட்டுப் போன் எடுக்கிற காட்சியில் ஒரு இருமல் மட்டும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் நீதிமன்றம் வரை போய் அடிபட்ட அந்த "செத்ததாலதான் நேரில வந்தனான்" வந்தபோது நான் சபையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்று கிளடிஸ். மற்றது நான்.

ஆனால் நீ தொடக்கத்தில் வந்து நின்றாயே, முகம் முழுக்கப் பவுடர், தோளில் வெள்ளைப் போர்வை, மூக்கில் வாசிக்கிற கண்ணாடி. "நீதிமன்றக் கட்டளைப்படி" என்று தொடங்கினாய். முதல் வரியிலேயே பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. "எழுதியவரும் பேயும் வேறு வேறு ஆட்கள்" என்றபோது மண்டபம் வெடித்தது. நீ கோபத்தோடு கண்ணாடிக்கு மேலால் சபையைப் பார்த்தாய். அதற்கு இன்னொரு வெடி. "சும்மா இருக்கவில்லை" என்றபோது பக்கத்தில் இருந்த மனுசி என் தோளில் அடித்துச் சிரித்தா. கடைசியில் எல்லாரும் தத்தம் செலவை ஏற்கவேண்டும் என்றாய், சனம் எழும்பி நின்று கை தட்டியது. என் பெயர் தொடக்கத்து முணுமுணுப்புக்குள்ளேயே போய்விட்டது. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அட்சயா கேட்டாள். என் கையைப் பிடித்தாள். அந்த நிமிடத்துக்காக இன்னொரு அறுநூற்றுப் பன்னிரண்டும் கட்டுவேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது.

மண்டபத்துக்கு வெளியே, நீ முகம் கழுவிக்கொண்டு நின்ற நேரம், காருக்குப் பக்கத்தில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டே நின்றாள். "அப்பா, நாடகம் ஓகே. ஆனா அந்த முதல் வந்த அறிவித்தல்தான் பெஸ்ற். பேய் வந்து லீகல் நோட்டீஸ் வாசிக்கிறது, எப்பிடி யோசிச்சீங்க? அதுவும் நீங்கதானே எழுதினது?"

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்